கூர்மையும் ஓர் அமானிதம்

(பென்னாகரத்தில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணலெம் பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

இன்று நாம் சிந்திக்கவிருக்கும் பொருள், நம் வீடுகளில் கிடக்கும் சிறு கத்தியின் கூர்மை. தையல் இயந்திரத்தின் பெட்டியில் ஒரு சிறு கத்தி இருக்கும். செருப்புத் தைப்பவரின் பையில் தோல் அரியும் கத்தி இருக்கும். மூங்கிலைப் பிளப்பவரின் இடுப்பிலும், மதரஸாவில் கிழிந்த கிதாபுகளுக்கு அட்டை கட்டுபவரின் மேசையிலும், பள்ளிப் பிள்ளையின் கைவேலைப் பெட்டியிலும் ஒன்று இருக்கும். இவற்றை வீட்டிலேயே தீட்டிக்கொள்வது எப்படி, தீட்டுவதால் என்ன நன்மை, தீட்டாவிட்டால் யாருக்கு இழப்பு என்பதைப் பார்ப்போம்.

'மிம்பரில் பேச இதுவும் ஒரு பொருளா?' என்று சிலர் நினைக்கக்கூடும். 'உங்கள் நபி உங்களுக்கு எல்லாவற்றையுமா கற்றுத் தருகிறார், மலஜலம் கழிப்பதைக்கூடவா?' என்று ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களிடம் ஏளனமாகக் கேட்டபோது, அவர்கள் வெட்கப்படவில்லை. 'ஆம்' என்று ஒப்புக்கொண்டு, அதன் ஒழுங்குகளையும் விளக்கினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மனிதனின் அன்றாடத்தைத் தொடாத மார்க்கமன்று நம்முடையது.

கத்தியின் கூர்மை பற்றியோ, நேரடியான கட்டளையே வந்திருக்கிறது. ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று முஸ்லிமில் உள்ளது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் அது 17-ஆவதாக இடம்பெறுகிறது. அதன் கருத்து இதுதான்: எல்லாக் காரியங்களிலும் செம்மையை, அதாவது இஹ்ஸானை, அல்லாஹ் விதித்திருக்கிறான். பிராணியை அறுக்கும்போதும் அந்தச் செம்மை வேண்டும். அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும்.

சகோதரர்களே! இஹ்ஸானுக்கு உதாரணம் சொல்ல எத்தனையோ இனிய காரியங்கள் இருந்தன. தொழுகை இருந்தது, தர்மம் இருந்தது, பெற்றோருக்குப் பணிவிடை இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களோ, செம்மையை யாரும் தேடிப்பார்க்காத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஓர் உயிர் பிரியும் நேரத்திலும் செம்மை கடமை என்றால், தைக்கும்போதும், செதுக்கும்போதும், காய் நறுக்கும்போதும் அது கடமையன்றி வேறென்ன? மேலும், நல்லெண்ணம் மட்டும் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இரக்கம் உள்ளத்தில் இருந்து, கத்தி மழுங்கிக் கிடந்தால், அந்த இரக்கத்தால் ஆட்டுக்கு என்ன பயன்?

இன்னொரு நிகழ்ச்சியையும் கவனியுங்கள். ஒருவர் ஆட்டைக் கிடத்தி, அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்தப் பிராணியைப் பலமுறை சாகடிக்க விரும்புகிறாயா என்ற கருத்தில் கண்டித்து, கிடத்துவதற்கு முன்பே தீட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஹாகிமில் பதிவாகியுள்ள செய்தி இது. கருவி வேலைக்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி, நம் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. குர்பானிக்காகக் கொம்புள்ள ஆட்டுக்கடா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கத்தியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு, அதனை ஒரு கல்லில் தீட்டித் தருமாறும் சொன்னார்கள். அன்னையவர்கள் அவ்வாறே தீட்டிக் கொடுத்தார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. கொல்லரிடம் ஆள் அனுப்பவில்லை; சந்தை நாளுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டிலிருந்த கல்லில், வீட்டிலிருந்தவரின் கையால் கத்தி கூர்மை பெற்றது. இந்தச் சமுதாயத்தின் மாபெரும் கல்வியாளர்களில் ஒருவரான அன்னையவர்களுக்குக் கத்தி தீட்டும் கலையும் தெரிந்திருந்தது. கைத்தொழில் யாருக்கும் தாழ்வன்று. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும், அதில் கிடைத்ததை ஏழைகளுக்கு வழங்கினார்கள். கப்பாப் பின் அல் அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லர் வேலை செய்துவந்தவர்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவச வளையங்களை அளவாகச் செய்யுமாறு பணித்ததையும் ஸபா அத்தியாயம் பேசுகிறது. 'அளவாக' என்பது கவனிக்கத்தக்கது. நபிக்கே கைவேலையில் அளவு கற்பிக்கப்பட்டது.

பென்னாகரத்துச் சகோதரர்களே! தீட்டும் கலைக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவை நம்மில் பலர் அறியமாட்டோம். நம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டிப் பகுதியில் 'குருந்தம்' என்னும் கல் கிடைப்பதை, 1890-களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் பதிவு செய்தனர். அன்று இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. மோஸ் என்னும் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால், குருந்தத்துக்கு 9. பதப்படுத்திய எஃகையும் அது தேய்த்துவிடும். அதனால்தான், குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள் நம் முன்னோர். ஆங்கிலேயர் இக்கல்லுக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே தமிழ்க் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றதுதான். பின்னர் 1891-இல் அமெரிக்கர் அச்சிசன் கரியையும் களிமண்ணையும் மின்சாரத்தால் சுட்டு ஒரு கடும்பொருளைக் கண்டபோது, அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். 1954-இல் சென்னையில் அதே பெயரைத் தாங்கிய தொழில் நிறுவனமும் தொடங்கப்பட்டது. இன்று இரும்புக் கடையில் 'கார்போரண்டம் கல் கொடுங்கள்' என்று கேட்கிறோமே, அந்தப் பெயருக்குள் நம் மண்ணின் சொல் ஒளிந்திருக்கிறது.

கல் மட்டுமன்று, இரும்பும் இப்பகுதிக்குப் பழையது. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வு, கி.மு. 2172-ஆம் ஆண்டளவிலேயே அங்கு இரும்பு புழங்கியதைக் காட்டியது. 2022-இல் தமிழக அரசு அதனை அறிவித்தது. இரும்பில் பெரும் வலிமையும் மனிதர்களுக்குப் பயன்களும் இருப்பதை 'அல்ஹதீத்' என்று இரும்பின் பெயரையே தாங்கிய அத்தியாயம் நினைவூட்டுகிறது. வலிமையும் பயனும் ஒரே பொருளில் இருப்பதால்தான் அது அமானிதமாகிறது. அருகிலுள்ள ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுவோரைப் பாருங்கள். மூங்கிலைச் சீரான பட்டைகளாக வகிர்ந்தால்தான் பின்னல் உறுதியாக நிற்கும். கத்தி மழுங்கினால் பட்டை பிசகும். பட்டை பிசகினால், அந்தப் பரிசலை நம்பி ஆற்றில் இறங்குபவரின் உயிருக்கு என்ன உறுதி? ஒருவரின் கத்தி மழுங்குவது அவரோடு முடிவதில்லை.

'மழுங்கிய கத்தி ஆபத்தில்லாதது. கூர்மையான கத்திதான் கையை வெட்டும்' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. கூர்மையான கத்தி மெல்லிய அழுத்தத்தில், நாம் நினைத்த வழியில் செல்லும். மழுங்கிய கத்தியை உடல் பலத்தால் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளும்போது அது வழுக்குகிறது. வழுக்கிய கத்தி, பொருளைப் பிடித்திருக்கும் மறுகையில் இறங்குகிறது. தோலோ அட்டையோ அறுபடாத கத்தி விரலை மட்டும் ஆழமாகக் கிழித்துவிடும். தையல் வேலையிலும் தோல் வேலையிலும் வயிறு வளர்க்கும் குடும்பத்தில் ஒரு விரல் காயம் என்பது ஒரு வாரக் கூலி. ஆகவே, தீட்டுவது பிள்ளைகளின் உணவைப் பாதுகாப்பதாகும்.

இனி, தீட்டும் முறையைக் கேளுங்கள். வீட்டில் ஒருவரேனும் இதனைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கத்தி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனையை மேல்நோக்கி வைத்து வெளிச்சத்தில் காட்டினால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான முனையில் ஒளி படிய இடமே இராது. அது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் சோதிக்க வேண்டாம். ஒரு தாளை அறுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கல்லை நகராமல் வையுங்கள். அடியில் ஈரத்துணியை விரித்தால் போதும். ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நயமும் கொண்ட கல் வீட்டுக்கு ஏற்றது. தண்ணீரா, எண்ணெயா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் ஒட்டாது. கல் வாங்க இயலாதவர்கள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்துக்கொள்ளலாம். 400, 1000, 2000 என்ற எண்களில் ஒவ்வொரு தாள் இருந்தால் சிறு கத்திகளுக்குப் போதுமானது. ஆனால், தாளின் மேல் கத்தியைப் பின்னோக்கி மட்டுமே இழுக்க வேண்டும். முனையை முன்னோக்கித் தள்ளினால் தாள் கிழிந்துவிடும்.

மூன்றாவது, சாய்வு. இதுதான் கலையின் உயிர். சிறு கத்திகளுக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். பாகைமானி தேவையில்லை. ஒரு தாளின் மூலை 90 பாகை. அதனை மூலையோடு மூலை ஒருமுறை மடித்தால் 45. மறுபடியும் மடித்தால் 22½. அதைவிடச் சற்றே படுத்த நிலையில் கத்தியைப் பிடியுங்கள். ஏற்கெனவே அகன்ற சரிவு தெரியும் கத்தியானால், அந்தச் சரிவு கல்லில் முழுமையாகப் படியும்படி வைத்தாலே போதும். தோல் சீவும் கத்தி போன்றவற்றில் ஒருபுறம் மட்டுமே சரிவு இருக்கும். அவற்றின் தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்துவிடாதீர்கள், கத்தி கெட்டுவிடும். தட்டைப் பக்கத்தைத் தட்டையாகவே வைக்க வேண்டும்.

நான்காவது, சாய்வு மாறாமல், மெல்லிய அழுத்தத்தோடு ஒரே பக்கத்தைத் தேயுங்கள். எத்தனை முறை என்று கணக்கில்லை. மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்வரை தேய்க்க வேண்டும். முதுகிலிருந்து முனையைத் தாண்டி வெளிப்புறமாக விரலை மெதுவாக நகர்த்தினால் அந்தப் பிசிறு தட்டுப்படும். முனையின் நீளவாட்டில் விரலை ஓட்டவே கூடாது. அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்த பின்னரே மறுபக்கம் திருப்புங்கள். பிறகு நயமான புறத்தில், இரு பக்கமும் மாறி மாறி, அழுத்தம் குறைத்துக்கொண்டே செல்லுங்கள்.

ஐந்தாவது, பிசிறை நீக்குதல். பழைய தோல் வாரைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் முதுகு முன்னே செல்லும்படி பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் பிசிறு உதிரும். பின்னர் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

சகோதரர்களே! பிசிறோடு நிற்கும் கத்தி சிறிது நேரம் மிகக் கூர்மையாகத் தோன்றும். முதல் வெட்டிலேயே பிசிறு மடிந்து, கத்தி முன்னிலும் மழுங்கிவிடும். முகஸ்துதிக்காகச் செய்யப்படும் அமலும் இப்படிப்பட்டதே. பார்ப்பவர் கண்ணுக்கு மினுக்கும். பயன் தர வேண்டிய நாளில் மடிந்துவிடும்.

அவசரக்காரர்கள் மின்சாரச் சாணையில் சிறு கத்தியைப் பிடிக்கிறார்கள். எஃகின் உறுதி, அதனைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றியதால் வந்தது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய முனை நொடியில் சூடேறும். 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் வைக்கோல் மஞ்சள் நிறமும், 300 பாகை அளவில் நீல நிறமும் எஃகில் படரும். பெரும்பாலான கத்திகளில் நீலம் பாய்ந்த முனை உறுதி இழந்துவிட்டது என்று பொருள். எத்தனை முறை தீட்டினாலும் விரைவில் மழுங்கும். தொழில் தெரிந்த சாணைக்காரர் அடிக்கடி தண்ணீரில் தோய்த்து அதனைக் காப்பார். அத்தகையவர் தெருவுக்கு வந்தால், பேரம் பேசி அவர் கூலியைக் குறைக்காதீர்கள். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

'பத்து ரூபாய் பிளேடுக்கு இத்தனை பாடா? மழுங்கினால் எறிந்துவிட்டு வேறு வாங்கலாமே' என்று இளைஞர்கள் கேட்பார்கள். இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, பயன்தரும் பொருளை வீணே எறிவது வீண்விரயம். இரண்டாவது பதில்தான் என்னைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்கிறது. எறிந்த பிளேடு எங்கே போகிறது? அது காய்கறித் தோலோடும் மீந்த சோற்றோடும் ஒரே பையில் கட்டப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. விடியற்காலையில் நம் ஊரின் தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால் பிரிக்கிறார். குப்பையைக் கிளறும் பசுவும் ஆடும் அதில் வாய் வைக்கின்றன. நமக்கு வேண்டாத முனை, அவர்களுடைய சதையில் வேலையை முடிக்கிறது.

மஸ்ஜிதிலோ கடைவீதியிலோ அம்புகளோடு செல்பவர், பிறரைக் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரியில் இது உள்ளது. உருவிய வாளை ஒருவர் கையில் கொடுப்பதைத் தடுத்தார்கள். அபூதாவூதில் இது உள்ளது. பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் அறிவித்தார்கள். அகற்றுவது ஈமான் என்றால், கொண்டுபோய்ப் போடுவதை என்னவென்று அழைப்பது? நம் பையைப் பிரிப்பவர் எந்த மதத்தவர் என்று அந்த பிளேடு பார்ப்பதில்லை. அவருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கும் மதம் பார்த்து வருவதில்லை.

ஆகவே, இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் உண்டியல் போலச் சிறு துளையிடுங்கள். தேய்ந்து தீர்ந்த பிளேடுகளையும் உடைந்த ஊசிகளையும் அதில் போடுங்கள். பல மாதங்களுக்கு ஒரு டப்பா போதும். நிறைந்ததும் மூடியை இறுக ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். கத்திகளுக்கு உறை செய்யுங்கள். மடித்த தடித்த அட்டையே போதும். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து மறைப்பதை விட, அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுங்கள். ஒருவருக்குக் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் நீட்டக் கற்றுக்கொடுங்கள்.

'தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தன்னைக் கூராக்கிய மரத்தையே வெட்டிப் பார்க்கும் நன்றிகெட்டத்தனத்தை அது குறிக்கிறது. அல்லாஹ் நமக்குக் கையைத் தந்தான், இரும்பைத் தந்தான், இந்த மண்ணில் கல்லையும் தந்தான். அவன் தந்த கூர்மையால் அவனுடைய படைப்புகளையே காயப்படுத்துவது அந்த நன்றிகெட்டத்தனமன்றி வேறில்லை.

அடுத்த ஜுமுஆவுக்குள் உங்கள் வீட்டில் உள்ள கத்திகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மழுங்கியவற்றைத் தீட்டுங்கள். தீர்ந்தவற்றைப் பத்திரமாக ஒதுக்குங்கள். குர்பானி நெருங்கும் காலத்தில், அறுக்கும் கத்தியை முந்தைய நாளே, பிராணியின் பார்வைக்கு அப்பால் வைத்துத் தீட்டி முடியுங்கள். ஒவ்வொரு முறை கல்லில் கத்தியை வைக்கும்போதும், பிற உயிருக்கு வேதனையைக் குறைக்கிறேன் என்ற நிய்யத்தை உள்ளத்தில் வையுங்கள். அந்த நிய்யத்தால் அந்தத் தேய்ப்பும் நன்மையாக எழுதப்படும் என்று ஆதரவு வைப்போம்.

எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானைக் கடைப்பிடிப்பவர்களாகவும், நம் கையாலும் நாவாலும் பிறருக்குத் தீங்கு நேராதவர்களாகவும் வாழ, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.